“அட, இதுதானா!” - திரையில் மின்னும் ஒரு கணம்

ஒரு சிறுமி அடிகுழாயின் முன்னே நிற்கிறாள். அவளுக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. கண் தெரியாது, காது கேட்காது, பேச்சும் வராது. குழாயிலிருந்து குளிர்ந்த நீர் அவள் கையின்மேல் கொட்டுகிறது. அதே வேளையில் அவளுடைய ஆசிரியை, தம் விரல்களால் ‘தண்ணீர்’ என்ற சொல்லுக்குரிய ஐந்து ஆங்கில எழுத்துகளை அவளது உள்ளங்கையில் ஒவ்வொன்றாக உணர்த்துகிறார். திடீரென்று சிறுமி அசையாமல் நிற்கிறாள். கையிலிருந்த பாத்திரம் நழுவி விழுகிறது. முகத்தில் ஓர் ஒளி பரவுகிறது. கையில் ஓடும் இந்தக் குளிர்ந்த பொருளின் பெயர்தான் ஆசிரியை விரலால் எழுதுவது! உலகிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு!

1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி மிராக்கிள் வொர்க்கர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் உச்சக்கட்டம் இது. ஆசிரியையாக ஆன் பான்கிராஃப்ட், சிறுமியாகப் பாட்டி டியூக் நடித்தார்கள். இருவருக்குமே ஆஸ்கார் பரிசு கிடைத்தது. இக்காட்சியைப் பார்ப்பவர் எவரும் எளிதில் மறப்பதில்லை.

விடை புரியாத ஒன்று சட்டென்று புரிந்துவிடும் இத்தகைய கணங்கள் திரைப்படங்களில் நிறைய உண்டு. உண்மை வாழ்க்கையிலும் மனம் இப்படித்தான் வேலை செய்கிறதா? அந்தப் பளிச்சிடல் எங்கிருந்து வருகிறது? அதை நம்பலாமா? வாருங்கள், சில படங்களின் துணைகொண்டு ஆராய்வோம்.

முப்பத்து மூன்று நாள்கள்

குழாயடிக் காட்சி கற்பனையன்று. அந்தச் சிறுமிதான் ஹெலன் கெல்லர். பிறந்து 19 மாதங்களில் வந்த கடும் நோயால் பார்வையையும் கேள்வியையும் இழந்தவர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் அவர் வீடு இருந்தது. 1887 மார்ச் 3ஆம் நாள், இருபதே வயதான ஆன் சல்லிவன் அங்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தார். குழாயடியில் அந்த அற்புதம் நடந்தது ஏப்ரல் 5ஆம் நாள். இடையில் கழிந்தவை 33 நாள்கள்.

இந்த 33 நாள்களும் என்ன நடந்தது? ஹெலன் எதைத் தொட்டாலும் அதன் பெயரைச் சல்லிவன் அவளது கையில் எழுதிக்கொண்டே இருந்தார். பொம்மையா? பொம்மை என்று எழுதுவார். தொப்பியா? தொப்பி என்று எழுதுவார். சிறுமி குரங்கைப்போல் அதைத் திருப்பி எழுதிக் காட்டுவாள். மார்ச் மாத இறுதிக்குள் சுமார் இருபது சொற்களை அவள் விரலால் எழுதக் கற்றுவிட்டாள். ஆனால் அவை ‘சொற்கள்’ என்பது அவளுக்குத் தெரியாது! அவளைப் பொறுத்தவரை அது ஒரு விரல் விளையாட்டு. குவளை, அதிலுள்ள பால், அதைக் குடிப்பது ஆகிய மூன்றையும் அவள் மீண்டும் மீண்டும் குழப்பிக்கொண்டாள்.

முப்பத்திரண்டாவது நாள் மாலையில் ஒருவர் அந்த வீட்டுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “வீண் முயற்சி, அம்மா! இந்தக் குழந்தைக்கு எதுவும் ஏறாது” என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் மறுநாளே அது நடந்தது. சில மணி நேரத்தில் ஹெலன் முப்பது புதிய சொற்களைக் கற்றுக்கொண்டாள் என்று சல்லிவன் தம் கடிதத்தில் எழுதினார். பின்னர் 1904இல் ஹெலன் கெல்லர் கல்லூரிப் பட்டமும் பெற்றார். அந்தக் குழாய் இன்றும் டஸ்கம்பியாவில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

எலும்பும் மூங்கிலும்

1968இல் ஸ்டான்லி கூப்ரிக் இயக்கி வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் மற்றொரு புகழ்பெற்ற காட்சி உண்டு. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன், வாலில்லாக் குரங்கு போன்ற ஒரு முன்னோர் எலும்புக் குவியலின் நடுவே உட்கார்ந்திருக்கிறார். தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். ஒரு நீண்ட எலும்பைக் கையில் எடுத்துத் தட்டுகிறார். தட்டல் அடியாகிறது, அடியில் மற்ற எலும்புகள் நொறுங்குகின்றன. “இது வெறும் எலும்பன்று, ஒரு கருவி!” என்று அவருக்கு விளங்கிவிடுகிறது.

இது கற்பனைக் காட்சி. ஆனால் இதைப் போன்ற ஒன்றை உண்மையாகவே கண்டவர் வோல்ஃப்காங் கோலர் என்னும் ஜெர்மானிய உளவியலார். அட்லாண்டிக் கடலிலுள்ள டெனரீஃப் தீவில் அவர் சிம்பன்சிகளை ஆராய்ந்தார். சுல்தான் என்ற சிம்பன்சியின் கூண்டுக்கு வெளியே ஒரு வாழைப்பழம் வைக்கப்பட்டது. சுல்தானிடம் இரண்டு மூங்கில் குச்சிகள் இருந்தன. எந்த ஒன்றுக்கும் பழம் எட்டவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் முயன்றும் பயனில்லை. சுல்தான் பழத்தை விட்டுவிட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்து குச்சிகளோடு விளையாடத் தொடங்கியது. அப்போது இரண்டு குச்சிகளும் தற்செயலாக ஒரே நேர்க்கோட்டில் அமைந்தன. உடனே சுல்தான் மெல்லிய குச்சியைப் பருத்த குச்சியின் துளைக்குள் செருகி, கம்பிகளை நோக்கி ஓடிப் பழத்தை இழுத்துக்கொண்டது!

‘சிம்பன்சிக்கு ஒரு நொடியில் ஞானம் வந்துவிட்டது’ என்று பலரும் வியந்தனர். ஆனால் 1945இல் ஹெர்பர்ட் பர்ச் என்ற ஆய்வாளர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். குச்சிகளைக் கையாண்டு பழக்கமில்லாத இளம் சிம்பன்சிகளில் பெரும்பாலானவை, குச்சியால் பழத்தை இழுக்கும் எளிய சோதனையிலேயே தோற்றன. அவற்றுக்கு மூன்று நாள்கள் குச்சிகளைக் கொடுத்து விளையாட விட்டார். அதன்பின் சோதித்தபோது எல்லாமே விரைவில் வெற்றி பெற்றன.

பார்த்தீர்களா? ஹெலனுக்கு 33 நாள் விரல் விளையாட்டு. சிம்பன்சிகளுக்கு மூன்று நாள் குச்சி விளையாட்டு. மின்னல் ஒரு நொடியில்தான் வெட்டுகிறது. ஆனால் மேகம் திரள நேரம் ஆகிறது.

நெருங்கியது தெரியாது

இனி ஓர் ஐயம் எழலாம். மேகம் திரள்வது நமக்கு முன்கூட்டியே தெரியுமா? விடை நெருங்கிவிட்டதென்று மனம் நமக்குச் சொல்லுமா?

ஜேனட் மெட்காஃப், டேவிட் வீப் என்ற இரு உளவியலார் 1987இல் இதைச் சோதித்தார்கள். சிலருக்குக் கணக்குகளும், வேறு சில புதிர்களும் கொடுக்கப்பட்டன. 15 நொடிக்கு ஒரு முறை, விடையை எவ்வளவு நெருங்கியதாக உணர்கிறார்கள் என்று அவர்கள் குறிக்க வேண்டும். இயற்கணிதக் கணக்குகளில் அந்த உணர்வு படிப்படியாக உயர்ந்தது. ஆனால் ‘பளிச்’சென்று விடை தோன்றும் புதிர்களில் அப்படி உயரவில்லை. கடைசிவரை ‘இன்னும் தொலைவில்தான் இருக்கிறேன்’ என்றே பெரும்பாலோர் குறித்தார்கள். அடுத்த கணமே விடை கிடைத்தது!

‘எனக்கு ஒன்றுமே புலப்படவில்லை, நான் மந்தம்’ என்று புத்தகத்தை மூடிவைக்கும் மாணவர் இச்சோதனையை நினைவில் கொள்ள வேண்டும். புலப்படாமல் இருப்பது, விடை தொலைவில் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

மூளைக்குள் ஓர் எட்டு

இப்போது ஒரு சிறு புதிர். பல், வீதி, கோவா ஆகிய மூன்று சொற்களுக்கும் முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். மூன்றும் பொருளுள்ள தொடர்களாக வேண்டும். எந்தச் சொல்? யோசித்துக்கொண்டே படியுங்கள்.

இதே வகைப் புதிர்களை ஆங்கிலத்தில் கொடுத்து, மார்க் பீமன், ஜான் கூனியோஸ் முதலிய விஞ்ஞானிகள் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். முடிவுகள் 2004இல் வெளியாயின. விடை பளிச்சிட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதற்குச் சுமார் 0.3 நொடிக்கு முன், வலது காதுக்குச் சற்று மேலே உள்ள மூளைப் பகுதியில் அதிவேக அலைகள் குபீரென்று எழுந்தன. தொலைவான பொருள்களையுடைய சொற்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துவதில் அப்பகுதிக்குப் பங்கு உண்டு. அதற்கும் முன்பாக, பார்வைக்குரிய பின்மூளையில் வேறு வகை அலைகள் ஓங்கின. வெளியிலிருந்து வரும் காட்சிகளை மூளை ஒரு கணம் குறைத்துக்கொள்கிறது என்று விஞ்ஞானிகள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். ஆழ்ந்து யோசிக்கும்போது நாம் கண்களை மூடிக்கொள்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதைப் போன்றதுதான் இதுவும்.

மூக்கின்மேல் இரு தடங்கள்

அடுத்த படம் 1957இல் சிட்னி லூமெட் இயக்கிய ‘டுவெல்வ் ஆங்ரி மென்’. தந்தையைக் கொன்றதாக 18 வயது இளைஞன் ஒருவன்மீது வழக்கு. அமெரிக்க முறைப்படி பொதுமக்களிலிருந்து தேர்ந்த 12 ஜூரிகள் ஓர் அறையில் கூடுகிறார்கள். ‘குற்றவாளி’ என்று அனைவரும் ஒருமனதாக முடிவு செய்தால் அவனுக்கு மரண தண்டனை. முதல் வாக்கெடுப்பில் 11 பேர் ‘குற்றவாளி’ என்கிறார்கள். ஒருவர் மட்டும் “பேசிப் பார்ப்போம்” என்கிறார்.

மிக வலுவான சாட்சி ஒரு பெண்மணி. இரவில் படுக்கையில் இருந்தபடி, தெருவுக்கு எதிர்ப்புறம் நடந்த கொலையைக் கண்டதாகச் சொன்னவர். விவாதம் முற்றிய நேரத்தில், மூக்குக் கண்ணாடி அணிந்த ஜூரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்க்கிறார். அதைப் பார்த்த வயதான ஜூரிக்குச் சட்டென்று உறைக்கிறது. மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய தடங்கள்! அதே தடங்கள் அந்தப் பெண்மணியின் மூக்கிலும் இருந்தன. நீதிமன்றத்துக்கு அவர் கண்ணாடி இல்லாமல் வந்திருந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அந்தத் தடங்களை வேறு சில ஜூரிகளும் நீதிமன்றத்தில் பார்த்திருந்தார்கள். அதன் பொருளை மட்டும் பார்க்கவில்லை. இரண்டாவது, முதியவர் தம் எண்ணத்தை அப்படியே முடிவாக அறிவித்துவிடவில்லை. கேள்விகள் எழுகின்றன. கண்ணாடியைத் தவிர வேறு எதனாலும் அத்தடங்கள் வருமா? வராது. தூங்கப் போகும்போது யாராவது கண்ணாடி அணிவார்களா? இல்லை. அப்படியானால் அவர் தெளிவாகப் பார்த்திருக்க முடியுமா? ஐயந்தான்! பளிச்சிட்ட எண்ணம் கேள்விகளால் சோதிக்கப்படுகிறது. ஓர் உயிர் அந்தச் சோதனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு தவறு

சோதிக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு படம் இருக்கிறது! 2001இல் வெளிவந்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’, கணித மேதை ஜான் நாஷின் வாழ்க்கையைத் தழுவியது. ஒரு விடுதியில் நாஷும் நண்பர்களும் இருக்கிறார்கள். பேரழகி ஒருத்தி தன் தோழிகளோடு வருகிறாள். எல்லோருக்கும் அவளோடு அறிமுகமாக ஆசை. நாஷுக்கு ஒரு யோசனை மின்னுகிறது: எல்லோரும் அவளையே நாடினால் ஒருவரையொருவர் தடுத்துக்கொள்வோம், பிறகு தோழிகளும் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே யாரும் அவளிடம் போகாமல் ஆளுக்கொரு தோழியை நாடுவோம்! உடனே அவர் தம் கோட்பாட்டை எழுத ஓடுகிறார்.

அழகான காட்சிதான். ஆனால் கணக்கு தவறு! நாஷ் 1950இல் வெளியிட்ட ‘சமநிலை’க் கருத்து இதுதான்: மற்றவர்கள் தத்தம் முடிவில் நிற்கும்போது, எந்த ஒருவரும் தம் முடிவை மட்டும் மாற்றிக்கொண்டு கூடுதல் பயன் பெற முடியாத நிலையே சமநிலை. படத்தின் ஏற்பாட்டை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். எல்லோரும் தோழிகளிடம் போய்விட்டால் அழகி தனியே நிற்பாள். அப்போது யாராவது ஒருவர் மட்டும் திரும்பி அவளிடம் போனால் அவருக்கு இலாபந்தானே? ஆகவே அது நாஷ் சமநிலை ஆகாது. 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பங்கிட்டுப் பெற்ற உண்மையான நாஷ், இந்தத் தவறைச் செய்தவரல்லர், செய்தது திரைக்கதை.

மனத்தில் பளிச்சிடும் விடைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன என்று 2016இல் வெளியான சோதனைகள் காட்டின. ‘பெரும்பாலும்’ என்பதைக் கவனியுங்கள், எப்போதும் அல்ல. தவறான விடையும் அதே மகிழ்ச்சியோடுதான் வந்து கதவைத் தட்டும். மகிழ்ச்சி ஒரு நிரூபணமாகாது.

நண்பர்களே! திரைப்படம் இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும். அதனால் மின்னலைப் பெரிதாகவும் மேகத்தைச் சிறிதாகவும் காட்டுகிறது. நாம் அதைத் திருப்பிப் போட்டுப் படிக்கப் பழக வேண்டும். முப்பத்திரண்டாம் நாளில் முயற்சியைக் கைவிடாதீர்கள். முப்பத்து மூன்றாம் நாளில் விடை கிடைத்ததும், அதைச் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஆமாம், புதிருக்கு விடை கண்டீர்களா? சொல் ‘பால்’. பால் பல், பால்வீதி, பால்கோவா! உங்களுக்கு இது படிப்படியாகக் கிடைத்ததா, பளிச்சென்று தோன்றியதா? எதுவாயினும், மூன்று சொற்களோடும் சேர்த்துச் சரிபார்த்தீர்களா?