மூளையின் எரிபொருளை மாற்றும் சிகிச்சை

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மீதிப் பேருக்கு மாத்திரைகள் கைகொடுப்பதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அதன் பிறகு மூன்றாவது, நான்காவது மருந்து பலன் தரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, உதவக்கூடிய ஒரு வழி நூறாண்டுகளாக இருக்கிறது. எடை குறைப்பதற்கென்று இன்று எல்லோரும் பேசும் கீட்டோ உணவுமுறைதான் அது. உடல் மெலிவதற்காக அது உருவாக்கப்படவில்லை. வலிப்பைக் கட்டுப்படுத்தவே உருவானது. அதை நாம் பத்தியமாகவோ கைவைத்தியமாகவோ பார்க்காமல், மருந்துச் சீட்டில் எழுதித் தரப்படும் சிகிச்சையாகவே பார்க்கவேண்டும்.

பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதைப் பண்டைக் கிரேக்க மருத்துவர்களே கவனித்திருந்தார்கள். 1911இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இருவர் அதைச் சிகிச்சையாகவே பதிவு செய்தார்கள். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் இதற்கு ஒரு விடை சொன்னார். பட்டினியின்போது உடலில் நிகழும் மாற்றத்தை, வயிறார உண்ணும்போதே நிகழவைக்கலாம். கொழுப்பை மிக அதிகமாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் கொடுத்தால் போதும் என்றார். கீட்டோஜெனிக் என்ற பெயரும் அவர் இட்டதே. 1938இல் ஃபெனிட்டாயின் மருந்தின் பலன் தெரியவந்ததும், கிராம் கணக்கில் நிறுத்துச் சமைப்பதைவிட மாத்திரை விழுங்குவது எளிதாகிப்போனது. உணவுமுறை மெல்ல ஓரங்கட்டப்பட்டது. 1990களில் ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆப்ரகாம்ஸின் மகன் சார்லிக்கு எந்த மருந்தும் கேட்காமல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கொடுத்த இந்த உணவால் வலிப்பு நின்றது. அதன் பிறகுதான் உலகத்தின் கவனம் மீண்டும் இதன் பக்கம் திரும்பியது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு மூளையின் பசியைப் புரிந்துகொள்ளவேண்டும். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. வழக்கமாக அதன் எரிபொருள் குளுக்கோஸ். மாவுச்சத்து வரத்து நின்றால் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களைத் தயாரிக்கிறது. மூளை சர்க்கரையை மட்டும்தான் ஏற்கும் என்ற பழைய நம்பிக்கையை, 1967இல் ஜார்ஜ் கேஹில் குழுவினரின் ஆய்வு தகர்த்தது. வாரக்கணக்கில் பட்டினியில் இருந்தவர்களின் மூளை, தன் தேவையில் பாதிக்கும் மேலானதைக் கீட்டோன்களிலிருந்தே பெற்றுக்கொண்டிருந்தது. ஆகவே "சோறு தின்னாவிட்டால் மூளை என்ன ஆகும்" என்ற அச்சத்துக்கு விடை உண்டு. மூளைக்கு இரண்டாவது எரிபொருள் இருக்கிறது. தேவையான சொற்ப குளுக்கோஸைக் கல்லீரலும் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது.

வலிப்பு என்பது நரம்பணுக்கள் கூட்டமாகக் கட்டுமீறி மின்துடிப்புகளை வெளியிடுவது. அந்த நேரத்தில் வலிப்பு கிளம்பும் பகுதி குளுக்கோஸை அள்ளி விழுங்குவதையும், மற்ற நேரங்களில் அதே இடம் சுற்றுப்புறத்தைவிட மந்தமாகக் கிடப்பதையும் பெட் ஸ்கேன் படங்களில் காணலாம். ஆற்றல் பயன்பாடும் வலிப்பும் அவ்வளவு நெருக்கமானவை. எரிபொருள் மாறும்போது பல மாற்றங்கள் சேர்ந்து நிகழ்கின்றன. நரம்பணுவை அமைதிப்படுத்தும் காபா, தூண்டிவிடும் குளுட்டமேட் ஆகிய இரண்டுக்கும் இடையிலான சமநிலை, அமைதியின் பக்கம் சாய்கிறது. குளுக்கோஸைச் சிதைக்கும் வேகம் குறைவதால் சில பொட்டாசியம் வாயில்கள் திறந்து நரம்பணுவின் படபடப்பைத் தணிப்பதாகவும், அடினோசின் என்ற இயற்கையான தணிப்புப் பொருள் கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. 2018இல் அமெரிக்காவில் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், குடல் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கிருப்பது தெரிந்தது. இவற்றில் எது முதன்மையானது என்பதில் இன்னும் விவாதம் உண்டு; இரத்தத்தில் கீட்டோன் அளவு ஏறிய அளவுக்கு வலிப்பு குறைவதில்லை என்பதும் உண்மை. அதைக் காட்டி இதை நிராகரிப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கொடுக்கப்படுகிறது. அது வேலை செய்யும் விதமும் முழுமையாக விளங்கவில்லை. அதற்காக யாரும் அதைக் கைவிடவில்லை.

எரிபொருள்தான் விஷயம் என்பதற்கு மிகத் தெளிவான சான்றைத் தருவது ஓர் அரிய பிறவிக் குறைபாடு. இரத்தத்திலிருந்து மூளைக்குள் குளுக்கோஸைக் கடத்தும் குளூட்-1 என்ற புரதம் சில குழந்தைகளிடம் போதிய அளவு இருப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும். தண்டுவட நீரிலோ குறைந்திருக்கும். வலிப்பும் வளர்ச்சிக் குறைவும் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். கீட்டோன்கள் மூளைக்குள் நுழையும் பாதை வேறு என்பதால், இந்தக் குழந்தைகளுக்குக் கீட்டோ உணவே முதல் சிகிச்சை. நோயறிந்தவுடன் தாமதிக்காமல் அதைத் தொடங்கவேண்டும்.

மற்ற வலிப்புகளுக்கு என்ன சான்று என்று கேட்பது நியாயம். லண்டனில் 2 முதல் 16 வயதுவரையுள்ள 145 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. குறைந்தது இரண்டு மருந்துகளாவது தோற்றுப்போன குழந்தைகள் அவர்கள். மூன்று மாதத்தில், உணவுமுறையில் இருந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. இல்லாதவர்களில் 6 சதவீதத்தினருக்கே குறைந்தது. யார் எதைச் சாப்பிடுகிறார் என்பதைப் பெற்றோரிடம் மறைக்க முடியாது, ஆகவே நம்பிக்கையின் தாக்கமும் இதில் கலந்திருக்கலாம் என்பார்கள். கலந்திருக்கலாம், ஆனால் 38க்கும் 6க்கும் இடையிலான தூரத்தை நம்பிக்கை ஒன்றே கடந்திருக்கும் என்று கருத இடமில்லை. அதே வேளையில் பாதிப் பேருக்கும் மேல் அந்த அளவு பலன் பெறவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அதனால்தான் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பதும், பலனில்லை என்றால் நிறுத்துவதும் நடைமுறையாக இருக்கிறது.

அரிசியும் பருப்பும் உண்ணும் நம் வீடுகளில் இது நடக்குமா என்பது அடுத்த தடை. இரண்டு இட்லியில் உள்ள மாவுச்சத்தே ஒரு நாளைக்கான அளவை எட்டிவிடும். பழமையான முறையில் ஒவ்வொரு 4 கிராம் கொழுப்புக்கும் புரதமும் மாவுச்சத்தும் சேர்த்து 1 கிராம்தான். தராசில் வைத்து நிறுத்துத்தான் சமைக்கவேண்டும். கிண்ணத்தில் ஒட்டிய வெண்ணெயையும் வழித்து ஊட்டவேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் இனிப்பு சிரப்பில்கூடச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால் இதைவிடத் தளர்வான, மாவுச்சத்தை மட்டும் நாளொன்றுக்கு 10 முதல் 20 கிராமுக்குள் கட்டுப்படுத்தும் திருத்தப்பட்ட அட்கின்ஸ் முறையும் உண்டு. முட்டை, பன்னீர், நெய், தேங்காய் எல்லாம் அதில் இடம்பெறும். டெல்லி எய்ம்ஸில் 102 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். உணவுமுறையில் இருந்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 11.5 சதவீதத்தினருக்கும் வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. இந்திய அடுப்படியில் இது முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உணவுதானே, இயற்கைதானே, வீட்டிலேயே தொடங்கிவிடலாமே என்று நினைப்பது ஆபத்து. மலச்சிக்கல், சிறுநீரகக் கல், இரத்தக் கொழுப்பு உயர்வு, வளர்ச்சி மந்தமாதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். கொழுப்பை எரிக்கும் நொதிகளில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இதே உணவு உயிருக்கே உலை வைக்கும். அதனால்தான் தொடங்கும் முன்பே இரத்தம், சிறுநீர் ஆகியவற்றைப் பரிசோதிக்கிறார்கள். தொடங்கிய பிறகும் வீட்டில் சிறுநீரில் நனைத்த பட்டையின் நிறமாற்றத்தைக் கொண்டு கீட்டோன் அளவைக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். வைட்டமின், கால்சியம் மாத்திரைகளும் சேர்த்துத் தருகிறார்கள். பலன் கிடைத்தவர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, பிறகு படிப்படியாகச் சாதாரண உணவுக்குத் திரும்புகிறார்கள். உணவைத் தொடங்கிவிட்டோம் என்று வலிப்பு மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது, நிற்காத தொடர் வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும்.

முதல் மருந்தில் அடங்கும் வலிப்புக்கு இந்த உணவு தேவையே இல்லை. ஆனால் இரண்டு மருந்துகள் தோற்ற பிறகும் மூன்றாவது, நான்காவது என்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, கடைசியில் கைவிடப்பட்ட நிலையில் இதைத் தேடிப் போவது தவறு. வளரும் மூளைக்கு ஒவ்வொரு வலிப்பும் இழப்பு. உங்கள் குழந்தைக்கு இரண்டு மருந்துகளும் கேட்கவில்லை என்றால், அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா, கீட்டோ உணவு பொருந்துமா என்ற இரண்டு கேள்விகளையும் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். மருத்துவமனைகளும் இதற்கென்று பயிற்சி பெற்ற உணவியல் நிபுணர்களை நியமிக்கவேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சை இல்லை.