குருபூசையும் நினைவு நாளும்: புலவர், கலைஞர் சமாதிகள்

புலவர்கள், இசைவாணர்கள், நடிகர்கள் ஆகியோர் மறைந்த நாளில், அவர்கள் அடக்கமான இடத்தில் கூடி வழிபடுவதும் பாடுவதும் தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். சைவ மடங்களில் இதனைக் குருபூசை என்பர். இசை உலகில் இதற்கு ஆராதனை என்று பெயர். அரசு விழாக்களிலும் செய்தித்தாள்களிலும் நினைவு நாள் என்ற சொல் வழங்குகிறது. பெயர் எதுவானாலும் இவ்வழக்கம் நிலைக்க மூன்று வேண்டும்: ஒரு நாள், ஓர் இடம், அந்நாளில் அவ்விடத்தில் விளக்கேற்றக் கடமைப்பட்ட ஆட்கள். மூன்றாவது இல்லாமற்போனால் முதலிரண்டும் ஓரிரு தலைமுறைக்குள் மறைந்துவிடுகின்றன.

திருக்கழுக்குன்றமும் திருப்போரூரும்

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள திருக்கழுக்குன்றம் தேவார மூவராலும் மாணிக்கவாசகராலும் பாடப்பெற்ற தலம். இந்நால்வருக்கும் சிவன் கோயில்களில் ஆண்டுதோறும் குருபூசை நடக்கிறது. அப்பருக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம், மாணிக்கவாசகருக்கு ஆனி மகம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி. நட்சத்திரத்தைக் கொண்டு நாள் குறிப்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். நால்வரில் யாருக்கும் சமாதி இல்லை. அப்பர் திருப்புகலூரிலும், சம்பந்தர் ஆச்சாள்புரத்திலும், மாணிக்கவாசகர் தில்லையிலும் இறைவனோடு கலந்தனர் என்றும், சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலை சென்றார் என்றும் சைவ மரபு சொல்லும். அடக்கமான இடம் இல்லாததால், அவர்கள் திருவுருவம் உள்ள ஒவ்வொரு கோயிலும் அவர்களுக்குரிய இடமாயிற்று.

இதே மாவட்டத்தில் சமாதியோடு கூடிய புலவரைக் காண வேண்டுமானால் திருப்போரூருக்குச் செல்லவேண்டும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிதம்பர சுவாமிகள் மதுரையிலிருந்து இங்கு வந்து, அழிந்து கிடந்த முருகன் கோயிலை எடுப்பித்தவர். 726 பாடல்கள் கொண்ட 'திருப்போரூர்ச் சந்நிதி முறை' இவர் இயற்றியது. ஊரை அடுத்த கண்ணகப்பட்டில் இவர் மடமும் சமாதியும் உள்ளன. குருபூசை நாள் வைகாசி விசாகம். அது முருகனுக்கும் உரிய நாள். தெய்வத்தைக் காண வரும் கூட்டமே புலவரையும் கண்டு செல்கிறது.

அதே நூற்றாண்டில் இதே வட்டாரத்தில் இன்னொரு பெரும்புலவர் இருந்தார். பொன்விளைந்த களத்தூர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே கண் தெரியாதவர். முதுகில் எழுதிக் காட்டக் கேட்டு எழுத்துக் கற்றார் என்பர். திருக்கழுக்குன்றப் புராணம் பாடியவர் இவரே. இவர் பாடிய தனிப்பாடல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. ஆயினும் கண்ணகப்பட்டில் நடப்பதுபோலப் பெயர்பெற்ற குருபூசை இவருக்கு இல்லை. புலமையில் குறைந்தவர் என்பது இதற்குக் காரணமன்று. இவர் வள்ளல்களையும் அரசர்களையும் பாடி வாழ்ந்த இல்லறத்தார். இவருக்குப் பின் விளக்கேற்ற ஒரு மடம் இல்லை.

புதைப்பதும் எரிப்பதும்

இல்லறத்தாரை எரிப்பதும் துறவியரைப் புதைப்பதும் பல சமூகங்களில் உள்ள முறை. எரித்தவருக்குத் திதி மட்டுமே மிஞ்சும். சாம்பல் ஆற்றிலோ கடலிலோ கரைந்துவிடும். புதைத்த துறவியின் மேல் லிங்கமோ துளசி மாடமோ எழும். அதுவே பின்னர்க் கோயிலாகவும் வளரும். ஒரு புலவருக்குச் 'சென்று வணங்கும் இடம்' இருக்கிறதா என்பதை இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

தியாகராசர் இதற்குத் தெளிவான சான்று. அவர் இல்லறத்தில் வாழ்ந்தவர். மறைவுக்குச் சற்று முன் துறவு ஏற்றார். அதனால் 1847 சனவரி 6 அன்று மறைந்தபோது திருவையாற்றில் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் இடம் இருந்தும் பார்ப்பார் இல்லாமல் சமாதி சிதைந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைக் கண்டு செப்பனிட்டனர். பின்னர் ஆராதனை தொடங்கியது; தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் பெண்கள் பாட இடமில்லை.

சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் ஒரு பெண் என்பதை நினைத்தால் இத்தடையின் கொடுமை விளங்கும். தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டு அக்கோயிலைக் கட்டி 1925இல் குடமுழுக்குச் செய்தார். தாம் கட்டிய கோயிலில் தமக்குப் பாட இடமில்லை என்ற நிலையில், பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். அது பெண்கள் கட்சி எனப்பட்டது. 1940இல் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. இன்று ஆண்களும் பெண்களும் சேர்ந்து அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவது அதன் விளைவு. நாகரத்தினம்மாள் 1952 மே 19 அன்று மறைந்தார். அவருடைய நினைவிடம் தியாகராசர் சமாதியை நோக்கியபடி அமைந்துள்ளது.

நாடகக்காரர்களின் குருபூசை

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் புதுச்சேரி வரும். அங்கே கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி உள்ளது. 1867இல் பிறந்து, வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை எழுதிய இவர் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் துறவிபோல வாழ்ந்ததால் சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது. இவர் எமன் வேடம் கட்டினால் பார்த்தவர் அஞ்சி மயங்குவர் என்று நாடக உலகில் சொல்வதுண்டு.

இவருடைய நாளைக் கொண்டாடுவோர் இசை நாடக நடிகர்கள். சமாதியில் மட்டுமன்றி, மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களிலும் நடிகர் சங்கங்கள் குருபூசை நடத்துகின்றன. அவர் எழுதிய பாட்டையும் வசனத்தையும் மேடையில் பேசியே இன்றும் பிழைப்பு நடத்துவோர் இவர்கள். மடத்துச் சீடர்களுக்கு உள்ள கடமை உணர்வு இங்கே தொழிலின் வழியாக வந்திருக்கிறது. நான் அறிந்தவரை, கலைஞர் நினைவு நாட்களில் இதுவே மிக இயல்பானது.

எட்டயபுரமும் பாரதியின் தேதியும்

எட்டயபுரத்தில் முத்துசாமி தீட்சிதர் சமாதியும், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலமும் உள்ளன. தீட்சிதர் 1835இல் தீபாவளி நாளன்று மறைந்தவர். அவ்வூரில் பிறந்த பாரதிக்கு 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் உண்டு, சமாதி இல்லை. சென்னைக் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டில் அவர் உடல் எரிக்கப்பட்டது. உடன் சென்றோர் இருபது பேர்கூட இல்லை என்பர்.

பாரதியின் மறைவு நாள் சில நூல்களில் செப்டம்பர் 11 என்றும், சிலவற்றில் 12 என்றும் காணப்படும். காரணம் எளிது. 1921இல் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 1.30 மணிக்கு. ஆங்கில முறைப்படி அது 12ஆம் தேதி. மாநகராட்சிப் பதிவும் அவ்வாறே உள்ளது. நம் வழக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். ஆகவே வீட்டார்க்கும் நண்பர்க்கும் அது 11ஆம் தேதி இரவு. 2021இல் தமிழக அரசு மகாகவி நாளாக அறிவித்தது செப்டம்பர் 11ஐ. மாணவர்கள் தேதியை எழுதும்போது எந்தக் கணக்கின்படி என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது.

திரை நடிகர்கள்

1987 டிசம்பர் 24 அன்று மறைந்த எம்.ஜி.ஆர். சென்னை மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கைக்கடிகாரம் உள்ளே ஓடுகிறது என்று நம்பிச் சமாதிக் கல்லில் காது வைத்துக் கேட்போரை இன்றும் காணலாம். சித்தர் சமாதிகளில் மூச்சு ஓடுவதாகச் சொல்லும் பழைய நம்பிக்கைக்கு இது வெகு தொலைவில் இல்லை. 2023 டிசம்பர் 28 அன்று மறைந்த நடிகர் விஜயகாந்த், கோயம்பேட்டில் தாம் தொடங்கிய கட்சியின் அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அதே நாளில் அங்கு நடந்த முதலாண்டு நினைவு நிகழ்ச்சிக்குக் கட்சியினர் வைத்த பெயர் குருபூசை.