ஊட்டி பிலிமும் ஜெர்மன் கேமராவும்

நம் அந்தமான் வீடுகளில் பத்திரமாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் சில, ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிமில் எடுத்தவையாக இருக்கலாம். மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள். டிஜிட்டல் கேமரா வந்துதான் ஆலை படுத்தது என்பார்கள். அப்படியல்ல. மக்கள் கலருக்கு மாறியபோதே சரிவு தொடங்கி, 1990-களிலேயே நலிந்த நிறுவனமாகிவிட்டது.

போட்டியில் திணறியது ஊட்டி மட்டுமல்ல. விலை உயர்ந்த கேமராவுக்குப் பேர்போன ஜெர்மனியின் லைக்காவும் 2005-ல் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆனால் பிழைத்துக்கொண்டது. 1954-ல் வாங்கிய அதன் எம் வகை லென்சை இன்றைய எம் டிஜிட்டல் கேமராவிலும் மாட்டலாம். லென்ஸ் கையில் இருப்பவர் லேசில் வேறு கம்பெனிக்குப் போகமாட்டார். பிலிம் சுருளுக்கு அந்தப் பிடிப்பு ஏது? 36 படம் முடிந்ததும் அடுத்தது கோடாக்கா, பியூஜியா என்பது வாங்குகிறவர் இஷ்டம்.