மைனஸ் 20-ல் பிழைத்த ருசி

ஜூன் மாதம் பாதி ஆனதும் நெதர்லாந்தின் தெருவோர மீன்கடைகளில் கூட்டம் நெரியும். எல்லாம் ஹெர்ரிங் மீனுக்காக. நம்மூர் மத்திக்கு நெருங்கிய சொந்தம் அது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் புரட்டி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து கடித்துத் தின்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் துண்டு போட்டு, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காயோடு தருவார்கள். அடுப்பையே பார்க்காத மீன்.

பச்சைதான், ஆனால் பக்குவம் செய்த பச்சை. கோடையின் தொடக்கத்தில் மிதவை உயிரிகளைத் தின்று கொழுக்கும் மீனின் உடலில் கொழுப்பு குறைந்தது 16 சதவீதம் இருந்தால்தான் 'ஹாலந்தின் புதுமீன்' என்று விற்கலாம். செவுளையும் குடலின் பெரும்பகுதியையும் சிறு கத்தியால் எடுத்துவிட்டு, கணையத்தை மட்டும் உள்ளேயே விடுகிறார்கள். அதிலிருந்து ஊறும் நொதிகளும் லேசான உப்பும் சேர்ந்து சதையை வெண்ணெயாக இளக்குகின்றன. 14-ஆம் நூற்றாண்டில் பீர்ஃப்ளீட் ஊரைச் சேர்ந்த வில்லம் பேகல்சோன் என்பவர் கண்ட முறை இது என்பது டச்சுக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அத்தனை பழைய உணவின் மேல் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் சந்தேகம் விழுந்தது. ஹெர்ரிங் தின்ற சிலர் தாங்க முடியாத வயிற்றுவலியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அறுவை சிகிச்சையில் குடல்சுவரைத் துளைத்திருந்த புழு அகப்பட்டது. அது ஹெர்ரிங்கிலிருந்து வந்த புழு என்று 1960-ல் வான் தீல் என்ற டச்சு ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். அதன் பெயர் அனிசாகிஸ். திமிங்கிலம், டால்ஃபின் வயிற்றில் முழு வளர்ச்சி அடையும் புழு. அதன் இளம்புழுக்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், மீனுக்குள் சுருண்டு கிடக்கும்.

நூற்றாண்டுகளாகத் தின்றவர்களுக்கு அப்போது மட்டும் இந்த நோய் ஏன் வந்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. முன்பு படகிலேயே குடலை எடுத்து, உப்பைக் கொட்டிவிடுவார்கள். குளிரூட்டும் வசதி வந்தபின் முழுமீனாக ஐஸில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மீன் செத்ததும் குடலில் இருந்த புழு சதைக்குள் நகர்ந்துவிடுகிறது. போதாததற்கு உப்பையும் குறைத்திருந்தார்கள். மீன் பார்வைக்குப் புத்தம்புதிதாகவே இருந்தது. ஆபத்தும் உள்ளேயே இருந்தது.

1968-ல் அரசு சட்டம் போட்டது: பச்சையாக விற்கும் ஹெர்ரிங்கை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும். நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. ருசி போகவில்லை. உணவைத் தடை செய்யாமல் ஆபத்தை மட்டும் களைந்த இந்தச் சட்டத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வினிகரில் ஊறிய நெத்திலியை விரும்பித் தின்னும் ஸ்பெயினும் 2006-ல் உணவகங்களுக்கு இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. வினிகரும் எலுமிச்சையும் சதையை வெளுக்க வைக்குமே தவிர, புழுவைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது.

வீட்டு ஃப்ரீசரை வைத்துப் புழுவைக் கொல்ல நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் அது மைனஸ் 18-ஐ ஒட்டியே நிற்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமோ மைனஸ் 20-ல் ஏழு நாள் கேட்கிறது.

உறையவைத்தால் புழு சாகும்; பாக்டீரியாக்கள் எல்லாம் சாகாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாவால் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சு இன்னும் பிடிவாதமானது. உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. அதைத் தடுக்க, பிடித்த கையோடு படகிலேயே ஐஸ் போட வேண்டும்.