உள்ளூர்த் தபால் சேராதது ஏன்? மின்னஞ்சல் நிலையத்தில் நேரும் கோளாறுகள்

கடல் கடந்து செல்லும் மின்னஞ்சல் சில விநாடிகளில் உரியவரை அடைகிறது. ஆனால் ஒரே ஸ்தாபனத்தில் அடுத்த அறையிலிருப்பவருக்கு அனுப்பியது சில சமயம் சேருவதில்லை. இது விந்தையாகத் தோன்றலாம். எனினும் மின்னஞ்சல் நிலையம் வேலை செய்யும் முறையை அறிந்தால் காரணம் எளிதில் விளங்கும்.

மும்பையில் மின்னஞ்சலின் வரலாறே உள்ளூர்த் தபாலில்தான் தொடங்கிற்று. எர்நெட் திட்டத்தின் கீழ் 1986-87இல் ஜூஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தொலைபேசி வழியே கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. இன்று சிறு அலுவலகங்களும் லினக்ஸ் கணிப்பொறியில் தமக்கென அஞ்சல் நிலையம் நடத்துகின்றன.

எது உள்ளூர்?

மாதுங்காவின் தபால் குறியீட்டு எண் 400019, தாராவிக்கு 400017, செம்பூருக்கு 400071. இவ்வெண்ணைக் கண்டே, கடிதம் தம் எல்லைக்குரியதா, வேறிடம் செல்ல வேண்டியதா என்று தபால் பிரிப்போர் தீர்மானிக்கின்றனர். அஞ்சல் நிரலும் இவ்வாறே விலாசத்திலுள்ள டொமைன் பெயரை நோக்குகிறது. வீட்ஸ் வெனெமா இயற்றி 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் நிரலில், நிலையம் தன்னுடையவை எனக் கொள்ளும் பெயர்கள் ‘மைடெஸ்டினேஷன்’ என்னும் பட்டியலில் உள்ளன. பெயர் அப்பட்டியலில் இருந்தால் கடிதம் அக்கணிப்பொறியின் பெட்டியிலேயே இடப்படும். இல்லாவிடில், டிஎன்எஸ் முறையில் அப்பெயருக்குரிய எம்எக்ஸ் பதிவைத் தேடி, அது சுட்டும் நிலையத்திற்கு அனுப்பப்படும்.

ஓர் உதாரணம்

மாதுங்காவில் ஓர் அறநிலையம் இருப்பதாகக் கொள்வோம். தாராவி, செம்பூர் மாணவர்கள் உபகாரச் சம்பளம் கோரி அதன் இணையதளத்தில் மனு நிரப்புகின்றனர். மனு, தளம் இயங்கும் கணிப்பொறியிலிருந்து அலுவலக விலாசத்திற்கு மின்னஞ்சலாகச் செல்ல வேண்டும். அலுவலகமோ தன் அஞ்சல் பெட்டிகளை வேறொரு நிறுவனத்திற்கு மாற்றிவிட்டது. எம்எக்ஸ் பதிவும் திருத்தப்பட்டது. பழைய கணிப்பொறியின் பட்டியலிலிருந்து மட்டும் டொமைன் பெயர் நீக்கப்படவில்லை.

வெளியார் கடிதங்கள் முறையாக வருகின்றன. மனுக்களை மட்டும் அக்கணிப்பொறி, எம்எக்ஸ் பதிவைப் பாராமலே, தனக்குரியவை எனக் கருதிப் பழைய பெட்டியில் இடுகிறது. அப்பெட்டி நீக்கப்பட்டிருந்தால், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற குறிப்புடன் கடிதம் திரும்பும். பெட்டி எஞ்சியிருந்தாலோ எவ்வித எச்சரிக்கையும் எழாது. மாணவர் மனுச் செய்யவில்லை என அலுவலகம் எண்ணும். மனு நிராகரிக்கப்பட்டது என மாணவர் எண்ணுவார்.

பரிசோதிக்கும் முறை

நிலையம் தன் செயல்கள் அனைத்தையும் லாக் என்னும் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. காணாமற்போன கடிதத்தின் வரிசை அடையாளத்தை அதில் தேடி, அதன் முடிவைக் காண வேண்டும்.

1. ‘பௌன்ஸ்டு’ என்றிருந்தால் கடிதம் திருப்பப்பட்டது. 5இல் தொடங்கும் குறியீடு நிரந்தரத் தோல்வியைக் குறிக்கும். பயனர் பெயரையும் மாற்றுப்பெயர்ப் பட்டியலையும் சரிபார்க்கவேண்டும்.

2. ‘டிஃபர்டு’ என்றிருந்தால் கடிதம் காத்திருக்கிறது. 4இல் தொடங்கும் குறியீடு தற்காலிகத் தடையைக் காட்டும். வட்டு நிரம்பியிருக்கலாம், பெட்டியில் எழுதும் உரிமை இல்லாதிருக்கலாம். வட்டில் இடம் மீதியிருந்தும், கோப்புகளுக்குரிய ஐநோடுகள் தீர்ந்துபோவதும் உண்டு. ‘டிஎஃப்’ கட்டளையால் இவ்விரண்டையும் அறியலாம். போஸ்ட்ஃபிக்ஸ் சாதாரணமாக 5 நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயன்று, பின்னரே கடிதத்தைத் திருப்பும். அதற்குள் தடையை நீக்கினால் கடிதம் பிழைக்கும்.

3. ‘சென்ட்’ என்று கண்டதும் திருப்தியடையலாகாது. அதே வரியில் ‘ரிலே’ என்பதற்கு எதிரே ‘லோகல்’ என்றிருந்தால், கடிதம் அக்கணிப்பொறியை விட்டு வெளியேறவே இல்லை. மேற்கூறிய அறநிலையத்தின் கோளாற்றைக் காட்டிக்கொடுக்கும் வரி இதுவே.

பரிகாரம்

பட்டியலிலிருந்து டொமைன் பெயரை நீக்கி, நிரல் தன் அமைப்பை மீண்டும் படிக்கச் செய்தால் புதிய கடிதங்கள் எம்எக்ஸ் வழியே செல்லும். ஆனால் வேலை அத்துடன் முடிவதில்லை. பழைய பெட்டியில் தங்கியவை தாமாக நகரமாட்டா. அப்பெட்டியை நீக்குமுன் திறந்து, கிடைத்த மனுக்களை உரிய இடத்தில் சேர்ப்பித்தல் இன்றியமையாதது. இனி அஞ்சல் பெட்டிகளை இடம் மாற்றும்போதெல்லாம், வெளியிலிருந்து ஒன்றும் அதே கணிப்பொறியிலிருந்து ஒன்றுமாக இரு சோதனைக் கடிதங்களை அனுப்பி, இரண்டும் பெறுபவர் கைக்கு வந்தனவா என்று கேட்டறிதல் நலம்.