கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தால்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்களில் பலர் வித்துராவில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். அவர்களுக்கு எங்கள் ஊர் குளிர்ச்சியின் வாசல். இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கோ கதை வேறு. பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வித்துரா அதன் காலடியில் தாழ்வாகக் கிடக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே வெப்பமானி 33, 34 டிகிரி காட்டும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டாலோ நாலு நாளானாலும் துணி காயாது.

இப்படி வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும் ஊரில் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பது எப்படி என்று சங்க அன்பர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிராசசர் எத்தனை டிகிரிக்குப் போனால் ஆபத்து?"

கேள்வி நியாயமானது. ஆனால் அறையின் சூட்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. இந்தச் சிறு விஷயம் தெரியாததால் நல்ல கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதிது வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

பிராசசர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே வெளியே வருகிறது. 1993-இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் எடுத்தது. 2004-இல் வந்த பென்டியம் 4 வகைகளில் சில 100 வாட்டைத் தாண்டின. 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும். நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் 65 வாட் வகையைச் சேர்ந்தவை. 65 வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்பின் சூடு. எரிகிற குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். இங்கே அந்தச் சூடு முழுவதும் விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லிலிருந்து வருகிறது. அதை வாங்கி வெளியேற்றத்தான் மேலே அலுமினியச் சிறகுகளும் சிறு விசிறியும் வைத்திருக்கிறார்கள்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தும்பாவுக்குப் போகலாம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் 'சாகா-220' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கப்பட்டது. அப்போது அது இந்தியாவிலேயே வேகமானது. அது எடுத்த மின்சாரம் 150 கிலோவாட். அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 150-ஐ ஒரே கட்டிடத்தில் ஓயாமல் போட்டு வைத்தது போல. அந்தச் சூட்டை வெளியேற்ற வழி செய்யாமல் அப்படிப்பட்ட இயந்திரத்தை ஓட்டவே முடியாது. எங்கள் வித்துராவில் உள்ள ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் 'பத்மநாபா' என்ற பெயரில் பெரிய கம்ப்யூட்டர் தொகுதி உண்டு. அத்தகைய இடங்களில் குளிர்சாதனமும் அதைக் கவனிக்க ஆட்களும் இருப்பார்கள். நம் வீட்டில் இருப்பது சீலிங் ஃபேனும் நாமும்தான்.

எரியாது, மெதுவாகும்

2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம் ஒரு சோதனை செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து பிராசசரின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றிவிட்டார்கள். அன்றைய ஏஎம்டி ஆத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது.

இன்றைய பிராசசர்கள் எல்லாம் இந்த இரண்டாவது வழியில்தான் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இன்டெல் டெஸ்க்டாப் வகைகள் பலவற்றில் அது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95 டிகிரி. அந்த எல்லையை நெருங்கினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைக்கும். குறைத்தும் சூடு அடங்காமல் எல்லை மீறிப் போனால் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும்.

ஆகவே வீட்டில் நாம் பார்ப்பது புகையை அல்ல. "முன்னே மாதிரி வேகம் இல்லையே", "வீடியோ பார்க்கும்போது தானாக அணைந்துவிடுகிறதே" என்ற குறைகளைத்தான். உடனே, இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பாவுக்குத் தினக்கூலி வேலை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். யாரோ பயன்படுத்திய டெஸ்க்டாப் ஒன்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவளுக்காக வாங்கியிருந்தார்கள். அது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அணைந்துபோனது. காட்டிய கடையில் "பிராசசர் போய்விட்டது, இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிது எடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, சீட்டுப் பணம் எடுத்தாவது புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

திறந்து பார்த்தேன். விசிறியைப் பலகையோடு பிணைக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மேலே எழும்பி நின்றது. சிறகுகளுக்கு நடுவே தூசியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருந்தன. சும்மா இருக்கும்போதே 63 டிகிரி. வேலை கொடுத்ததும் நூறைத் தொட்டது. தூசியைத் துடைத்து, புதிதாக வெப்பப் பசை தடவி, பின்னை அழுத்திப் பொருத்தினோம். சும்மா இருக்கும்போது 42, முழு வேலையில் 71 என்று இறங்கியது. செலவு வெப்பப் பசைக்கான காசு மட்டுமே. சீட்டுப் பணம் அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு மிச்சமாயிற்று.

எண்ணைப் படிக்கும் முறை

விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜர் பிராசசரின் சூட்டைக் காட்டாது. எச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற மென்பொருள்கள் வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. கேரளத்துப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் பழக்கமானது. அதில் 'சென்சார்ஸ்' என்ற கட்டளையே போதும். வீட்டில் இதற்குப் பொறுப்பாளர்களாகப் பிள்ளைகளையே நியமிக்கலாம்.

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அறையின் வெப்பநிலை. இரண்டாவது, கம்ப்யூட்டரைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா விட்டபின் பிராசசர் காட்டும் எண். மூன்றாவது, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை மென்பொருள் ஒன்றைப் பதினைந்து நிமிடம் ஓட்டியபின் காட்டும் எண். மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். கிடைப்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

ஓர் உதாரணம். ஏப்ரலில் அறை 34, பிராசசர் 74, வேறுபாடு 40. ஜூலை மழையில் அறை 26, பிராசசர் 66. வேறுபாடு அதே 40. எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் அதே ஜூலையில் 76 காட்டினால் வேறுபாடு 50. ஏப்ரலில் பார்த்த 74-ஐவிட இரண்டு டிகிரிதானே கூடுதல் என்று விட்டுவிடுவோம். உண்மையில் அங்கேதான் தூசி அடைத்திருக்கிறது, அல்லது விசிறி தளர்ந்திருக்கிறது. இந்த எண்களைத் தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தால் போதும்.

பொதுவாகச் சும்மா இருக்கும்போது 35 முதல் 50 வரையும், முழு வேலையில் 60 முதல் 85 வரையும் இருந்தால் கவலை வேண்டாம். சாதாரண வேலைக்கே 90-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் திறந்து பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரைசன் 7000 வரிசையின் உயர்ந்த வகைகள் முழு வேலையில் 95 வரை ஏறி அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டுள்ளன. அவற்றில் சூட்டைவிட, வேகம் குறைகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணும் எப்போதும் உண்மைச் சூடாக இருப்பதில்லை. 2017-இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் விசிறிக் கட்டுப்பாட்டுக்காக 20 டிகிரி கூட்டியே காட்டின. உங்கள் பிராசசரின் பெயரையும் எல்லையையும் தயாரிப்பாளரின் குறிப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

கம்ப்யூட்டர் மேஜையின் கதவு வைத்த அறைக்குள் கேபினெட்டைப் பூட்டி வைக்காதீர்கள். பின்புறம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளியிருக்கட்டும். தூசிக்காகப் போடும் துணி உறையை ஓடும்போது முழுவதும் எடுத்துவிட வேண்டும். பூஜை அறைப் பக்கமும் சமையலறைப் பக்கமும் வேண்டாம். எண்ணெய்ப் புகையில் ஒட்டிய தூசி லேசில் போகாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, கேபினெட்டை வராந்தாவுக்குக் கொண்டுபோய், காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். ஊதும் கருவி பயன்படுத்தினால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். ஈரத்துணி கூடவே கூடாது. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள்; பிளக்கை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

குளிர்விப்பானைக் கழற்றினால் பழைய பசையை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிது தடவ வேண்டும். பட்டாணி அளவு போதும். ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பலகையில் ஒரு எச்சரிக்கை: கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓட்டிப் பசையை இளக வையுங்கள். பிறகு அணைத்து, பிளக்கை எடுத்து, குளிர்விப்பானை மெல்லத் திருகித் தூக்குங்கள். நேராக இழுத்தால் பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும்.

காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக மாற்றினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டர்போ வேகம் நின்றுவிடும். கடிதம், கணக்கு, வகுப்பு போன்ற வேலைகளில் வித்தியாசம் தெரியாது. சூடு நன்றாகக் குறையும். ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் இப்படி வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பயந்து கம்ப்யூட்டரைப் பல வாரங்கள் மூடிப்போடுகிறவர்கள் உண்டு. வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓட்டினால் அதன் சொந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தைப் போக்கும். ஐப்பசியில் மாலை இடி மின்னல் தொடங்கும்போது மட்டும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பல்லி, எறும்பு, பாச்சை ஆகியவையும் அந்தக் காலத்தில்தான் கதகதப்பைத் தேடி உள்ளே குடியேறும்; ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள்.

எல்லாக் கோளாறுக்கும் சூடே காரணம் என்று சொல்ல வரவில்லை. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில நிலைகுலைந்ததற்கு மிகுதியான மின்னழுத்தமே காரணம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அதற்குத் தீர்வு பயாஸ் புதுப்பிப்பு. உங்களிடம் அந்த வகை இருந்தால் புதுப்பிப்பு செய்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த ஊரை விட்டு வந்து சம்பாதிக்கிற காசு நமக்கு எளிதில் வருவதில்லை. இனி யாராவது "இது போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொன்னால், பணத்தை எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எத்தனை டிகிரி காட்டியது? தூசி தட்டிய பிறகு எத்தனை காட்டியது?" இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். ஒரு பிரஷும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இருந்தால் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை நம் வராந்தாவிலேயே கிடைத்துவிடும்.