சைட்டேஷன் எண்ணிக்கையை வைத்து ஒரு மருத்துவ விஞ்ஞானியை எடைபோட முடியுமா? - கேட்டலின் கரிக்கோ வாழ்க்கை சொல்லும் பதில்

2023 அக்டோபர் 2. அந்த ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கேட்டலின் கரிக்கோ, ட்ரூ வெய்ஸ்மேன் ஆகிய இருவருக்கும் அறிவிக்கப்பட்டது. ஃபைசர் - பயோஎன்டெக், மாடர்னா கரோனா தடுப்பூசிகளுக்கு அடித்தளமாக அமைந்த எம்ஆர்என்ஏ ஆய்வுக்காக இந்த அங்கீகாரம்.

இதே கரிக்கோ 1995-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், கேட்ட ஆய்வு நிதி எதுவும் கிடைக்கவில்லை. பேராசிரியர் பதவிக்குப் போகும் பாதை அத்தோடு மூடப்பட்டது. புற்றுநோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகித்ததும், விசா சிக்கலில் கணவர் ஹங்கேரியிலேயே மாட்டிக்கொண்டதும் அதே காலகட்டத்தில்தான்.

ஒரே ஆள், ஒரே யோசனை. ஒரு காலத்தில் “தேறாது” என்றது கல்வி உலகம். இன்னொரு காலத்தில் நோபல் கொடுத்தது. அப்படியென்றால் ஒரு மருத்துவ ஆய்வாளரை எதை வைத்து அளக்கிறார்கள்? அந்த அளவுகோலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அந்த மூன்று எண்கள் என்ன?

கூகுள் ஸ்காலரில் ஏதாவது ஒரு மருத்துவ ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவர் எழுதிய கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். பக்கத்திலேயே மூன்று எண்கள் இருக்கும்: சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ். உங்கள் ஆபீஸ் அப்ரைசலில் கடைசியாக ஒரு ரேட்டிங் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

சைட்டேஷன்: ஓர் ஆய்வாளரின் கட்டுரையை வேறொரு கட்டுரை ஆதாரமாகக் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். தமிழில் மேற்கோள் என்கிறோம். எத்தனை கட்டுரைகள் அப்படிக் குறிப்பிட்டிருக்கின்றன என்பதன் கூட்டுத்தொகைதான் இந்த எண்.

எச்-இண்டெக்ஸ்: 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. ஒருவர் 5 கட்டுரைகள் எழுதியிருக்கிறார்; அவை முறையே 10, 8, 5, 4, 3 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. ஆனால், 5 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் 5 இல்லை. ஆகவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. ஒரே ஒரு கட்டுரை தற்செயலாகப் பிரபலமானால் மட்டும் இந்த எண் ஏறாது. தொடர்ந்து பயனுள்ள கட்டுரைகள் வந்திருக்க வேண்டும்.

ஐ10-இண்டெக்ஸ்: குறைந்தது 10 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

இவற்றோடு ‘இம்பேக்ட் ஃபேக்டர்’ என்ற ஒன்றையும் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது ஆய்வாளருக்கான மதிப்பெண் இல்லை, ஆய்விதழுக்கானது. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள், இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அந்தக் கணக்கு. பெரிய இதழில் வந்துவிட்டது என்பதாலேயே ஒரு கட்டுரை பெரிய கட்டுரை ஆகிவிடாது. பல நிறுவனங்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன.

போன் ஒலிக்கவே இல்லை

சரி, கரிக்கோவிடம் வருவோம். ஹங்கேரியின் செகெட் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்தவருக்கு, அங்கே நிதி நின்றதும் வேலை போனது. 1985-ல் கணவர், இரண்டு வயது மகளோடு அமெரிக்கா கிளம்பினார். காரை விற்ற பணத்தை மகளின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்து எடுத்துப்போனார்கள்.

அவருடைய எண்ணம் இதுதான்: நம் உடலின் செல்களுக்கு ‘இந்தப் புரதத்தைத் தயார் செய்’ என்று உத்தரவு கொண்டுபோவது எம்ஆர்என்ஏ. அந்த உத்தரவை ஆய்வகத்திலேயே எழுதி உள்ளே அனுப்பினால், உடலே தனக்கான மருந்தைத் தயாரித்துக்கொள்ளாதா?

நடைமுறையில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. ஆய்வகத்தில் செய்த எம்ஆர்என்ஏ உள்ளே போனதும், நோயெதிர்ப்பு செல்கள் அதை எதிரி என்று நினைத்து அழற்சியைக் கிளப்பின. கரிக்கோவும் வெய்ஸ்மேனும் இதைத் துருவினார்கள். உடலில் இயல்பாக இருக்கும் டிஆர்என்ஏ மட்டும் இந்தக் கலவரத்தைக் கிளப்பவில்லை. டிஆர்என்ஏ-வில் வேதியியல் மாற்றங்கள் பெற்ற மூலக்கூறுகள் அதிகம் என்பதுதான் துப்பு. எம்ஆர்என்ஏ-வில் உள்ள யூரிடினை எடுத்துவிட்டு, அதன் நெருங்கிய உறவான சூடோயூரிடினை வைத்துப் பார்த்தார்கள். நோயெதிர்ப்பு செல்கள் அடங்கிவிட்டன.

‘நேச்சர்’ இதழ் இந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. ஏற்கெனவே தெரிந்ததில் இது சின்ன முன்னேற்றம்தான் என்பது அவர்கள் மதிப்பீடு. பிறகு 2005-ல் ‘இம்யூனிட்டி’ இதழில் அது வெளியானது. நாளையிலிருந்து போன் ஓயாமல் அடிக்கப்போகிறது என்று வெய்ஸ்மேன் நம்பிக்கையோடு சொன்னாராம். போன் ஒலிக்கவே இல்லை.

2008-ல் அடுத்த கட்டுரை. இப்படி மாற்றிய எம்ஆர்என்ஏ-விலிருந்து புரதமும் கூடுதலாக உருவாகிறது என்று அதில் காட்டினார்கள். அதற்கும் பெரிய பரபரப்பு இல்லை.

ஆனால், யார் படித்தார்கள்?

எண்ணிக்கை சொல்லாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஹார்வர்டில் டெரிக் ரோஸ்ஸி என்ற ஸ்டெம்செல் ஆய்வாளரின் குழு இந்த உத்தியை எடுத்துப் பயன்படுத்தி, சாதாரணத் தோல் செல்களை ஸ்டெம்செல்களாக மாற்றியது. 2010-ல் அந்தக் கட்டுரை வெளியானது. அதே ஆண்டில் ரோஸ்ஸியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் மாடர்னா. ‘மாற்றப்பட்ட ஆர்என்ஏ’ என்ற பொருளில்தான் அந்தப் பெயரே வந்தது. இன்னொரு பக்கம் ஜெர்மனியின் பயோஎன்டெக், 2013-ல் கரிக்கோவையே துணைத் தலைவர் பொறுப்பில் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

கூகுள் ஸ்காலர் கணக்கில் ரோஸ்ஸி குழுவின் மேற்கோளும் ஒன்றுதான். சம்பிரதாயத்துக்கு முன்னுரையில் பெயரைப் போட்டுவிட்டுப் போன மேற்கோளும் ஒன்றுதான்.

2020 டிசம்பர் 18 அன்று கரிக்கோவும் வெய்ஸ்மேனும் அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். ‘இம்யூனிட்டி’ கட்டுரை வந்து அப்போது 15 ஆண்டுகள். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. பதவி உயர்வுக் குழுக்கள் பொதுவாக அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

கூட்டாளிகள் ஏன் முக்கியம்?

மருத்துவ ஆய்வைத் தனியாகச் செய்ய முடியாது. கரிக்கோ தாக்குப்பிடித்ததே கூட்டாளிகளால்தான். பென்சில்வேனியாவில் முதலில் எலியட் பர்னாதன் என்ற இதய மருத்துவரோடு வேலை செய்தார். அவர் தனியார் நிறுவனத்துக்குப் போனதும், அந்த ஆய்வகத்தில் பழகிய டேவிட் லாங்கர் என்ற இளம் மருத்துவர் நரம்பு அறுவை சிகிச்சைத் துறைத் தலைவரிடம் பேசி கரிக்கோவுக்கு இடம் வாங்கித் தந்தார். அவரும் போன பிறகு வந்தவர் வெய்ஸ்மேன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஆரம்பித்த பேச்சு அது. கரிக்கோவுக்கு ஆர்என்ஏ தெரியும். வெய்ஸ்மேனுக்கு நோயெதிர்ப்பியல் தெரியும். எச்ஐவி தடுப்பூசிக்கு வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

ஒரு கட்டுரையில் யார் என்ன செய்தார் என்பதற்குப் பெயர் வரிசையிலேயே ஒரு குறிப்பு இருக்கும். மருத்துவ ஆய்வில் முதல் பெயர் பெரும்பாலும் நேரடியாக வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்தியவருடையது. 2005 கட்டுரையில் முதல் பெயர் கரிக்கோ, கடைசிப் பெயர் வெய்ஸ்மேன்.

நடுவில் இருப்பவர்கள் விஷயத்தில்தான் கணக்கு சிக்கலாகிறது. உலக நோய்ச்சுமை பற்றிய ஆய்வுகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர்கள் வரும். அந்தக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் கணக்கிலும் மொத்த மேற்கோளும் முழுசாக ஏறிவிடும். உழைப்பைப் பொறுத்துப் பங்கு பிரிப்பதில்லை.

எண் எங்கெல்லாம் சறுக்கும்?

திட்டினாலும் கணக்குதான்: எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி, வெறும் 12 குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் குழு 1998-ல் ‘லான்செட்’ இதழில் எழுதியது. 2010-ல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயரும் நீக்கப்பட்டது. அந்தக் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள்கள் உண்டு. பெரும்பாலானவை ‘இது தப்பு’ என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை. எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

செய்முறைக்கே அதிக மார்க்: உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று, 1951-ல் ஆலிவர் லவ்ரி குழு எழுதியது. மூன்று லட்சத்தைத் தாண்டிய மேற்கோள்கள். அது நோய் எதையும் குணப்படுத்தவில்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்கிறது. எல்லா ஆய்வகத்துக்கும் அது தேவைப்பட்டது. லவ்ரியே அதைத் தன் மகத்தான கட்டுரையாக நினைக்கவில்லை.

துறைக்குத் துறை வித்தியாசம்: மருத்துவத்தில் கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொன்றிலும் மேற்கோள்களும் அதிகம். கணிதத்தில் இரண்டும் குறைவு. இரண்டு துறைக்காரர்களின் எச்-இண்டெக்ஸை ஒப்பிடுவது, கிரிக்கெட் ரன்னையும் ஃபுட்பால் கோலையும் ஒப்பிடுவது மாதிரி.

வயது: எச்-இண்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்காது. இளம் ஆய்வாளருக்கு எண் குறைவாகத்தான் இருக்கும்.

இவற்றோடு, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது, நண்பர்கள் மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்வது போன்ற தில்லுமுல்லுகளும் உண்டு. எண்ணுக்குப் பதவி உயர்வு என்றால் எண்ணைக் கூட்டவும் வழி தேடத்தானே செய்வார்கள்! இந்தியாவிலும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வு, ஆய்வுக் கட்டுரைகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சிக்கல் ஆய்வு உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் ‘டோரா’ என்ற பிரகடனத்தை உருவாக்கினார்கள். வேலை, நிதி, பதவி உயர்வு பற்றி முடிவெடுக்கும்போது இதழின் இம்பேக்ட் ஃபேக்டரைப் பார்க்காதீர்கள், ஆய்வின் உள்ளடக்கத்தைப் பாருங்கள் என்பதே அதன் சாரம்.

அப்போ எப்படித்தான் பார்ப்பது?

எண்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒருவர் எந்தத் துறையில், எவ்வளவு காலமாக, யாரோடு வேலை செய்கிறார் என்பதை அவை சீக்கிரம் காட்டிவிடும். “இவர் உலகப் புகழ்பெற்ற ஆய்வாளர், இத்தனை ஆயிரம் சைட்டேஷன்” என்று ஒரு மருந்து, ஒரு டயட், ஒரு சிகிச்சை பற்றி வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால், அவருடைய பக்கத்தைத் திறந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்:

1. பேசப்படும் விஷயத்தில்தான் அவர் கட்டுரைகள் எழுதியிருக்கிறாரா, அல்லது முற்றிலும் வேறு துறையிலா?

2. அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் அவர் பெயர் முதலிலோ கடைசியிலோ இருக்கிறதா, நூறு பேரில் ஒருவராகவா?

3. மேற்கோள் காட்டியவர்கள் அவருடைய குழுவினரா, சம்பந்தமே இல்லாத வேறு ஆய்வகங்களா? அவர்கள் அந்த முடிவைச் சோதித்து ஒப்புக்கொண்டார்களா, மறுத்தார்களா?

4. கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா? இதழின் இணையதளத்தில் கட்டுரைத் தலைப்பிலேயே அந்த அறிவிப்பு இருக்கும்.

பத்து நிமிட வேலைதான். 2010 வாக்கில் கரிக்கோவின் 2005 கட்டுரையை மூன்றாவது கேள்வியோடு பார்த்திருந்தால், எண்ணைத் தாண்டி ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும்: வேறொரு துறையிலிருந்து ஒரு குழு அந்த உத்தியை எடுத்து, சொந்த ஆய்வகத்தில் செய்து பார்த்து, அது வேலை செய்கிறது என்று எழுதியிருந்தது.